தாதியின் சொல்லும் நோயாளியின் திருப்தியும்

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை டில்லி நகரத்தை நிலைகுலையச் செய்துவிட்டுச் சற்றே தணியத் தொடங்கியிருந்த நாட்களில், அந்நகரின் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் பணிபுரியும் தாதியர் அனைவருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. பணியிடத்தில் மலையாளம் பேசப்படுவதாகப் புகார் வந்திருக்கிறது என்றும், நோயாளிகளிலும் சக ஊழியர்களிலும் பெரும்பாலோருக்கு அந்தப் பாஷை தெரியாததால் அவர்கள் செய்வதறியாது தவிக்க நேரிடுகிறது என்றும், ஆகவே இனி ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பேச வேண்டும், மீறினால் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. பல மாதங்களாக இரவு பகல் பாராமல் பாதுகாப்பு உடைக்குள் வெந்து உழைத்தவர்களுக்குச் செய்யும் கைம்மாறு இதுதானா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மறுநாளே அந்த உத்தரவு வாபஸ் பெறப்பட்டது. நிர்வாகத்துக்குத் தெரியாமலே அது பிறப்பிக்கப்பட்டது என்ற விளக்கமும் வெளிவந்தது.

உத்தரவு நியாயமற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரு தாதியர் தமக்குள் தம் தாய்மொழியில் பேசிக்கொள்வதைத் தண்டனைக்குரிய காரியமாக்க எந்த ஸ்தாபனத்துக்கும் உரிமை கிடையாது. ஆனால், பாஷை உரிமையைப் பற்றிய விவாதம் ஓய்ந்தபோது, அதற்கு வித்திட்ட புகாரில் அடங்கியிருந்த துன்பமும் அதனோடு சேர்ந்து மறக்கப்பட்டுவிட்டது. படுக்கையில் கிடக்கும் ஒருவர், தம் தலைமாட்டில் நடக்கும் பேச்சு விளங்காதபோது ஏன் அத்தனை தவிப்புக்கு உள்ளாகிறார்? தாதியின் பேச்சுக்கும், தமக்குக் கிடைத்த சிகிச்சையைப் பற்றி நோயாளி கொள்ளும் அபிப்பிராயத்துக்கும் உள்ள சம்பந்தம் எத்தகையது? இக்கேள்விகளுக்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் விஞ்ஞானம் ஓரளவு தெளிவான விடைகளைக் கண்டிருக்கிறது. நான் அறிந்தவரை, அவற்றுள் எதுவும் பாஷைத் தடையைச் சிபாரிசு செய்யவில்லை.

விஞ்ஞானம் அளவுகோலை எடுப்பதற்கு நூறாண்டு முன்னரே இதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1859-இல் அவர் வெளியிட்ட தாதிமைக் குறிப்புகளில், நோயாளி கிடக்கும் அறைக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை என்று கண்டிக்கிறார். ஏனெனில் அந்தப் பேச்சு தம்மைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று எண்ணி, அதைக் கேட்டுவிடவேண்டும் என்று நோயாளியின் புலன்கள் அனைத்தும் அவர் விரும்பாமலே முறுக்கேறி நிற்கும் என்கிறார். நோயாளி கழுத்தைத் திருப்ப வேண்டிய அவசியமின்றி அவர் கண்ணுக்கு நேராக அமர்ந்து பேசவேண்டும் என்பதும் அவருடைய உபதேசமே. முணுமுணுப்பாகப் பேசப்படும் தெரிந்த பாஷையும், வாய்விட்டுப் பேசப்படும் தெரியாத பாஷையும் படுக்கையில் கிடப்பவருக்கு ஒன்றுதான்: இரண்டிலும் ஒலி வந்து சேர்கிறது, பொருள் வந்து சேர்வதில்லை. பந்த் மருத்துவமனையில் புகார் செய்தவர் நைட்டிங்கேலைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவர் அனுபவித்ததைத்தான் அம்மையார் எழுதியிருக்கிறார்.

அமர்ந்து பேசுவதைப் பற்றிய அந்தச் சிறிய யோசனையைக்கூட நம் காலத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்ஸஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், முதுகெலும்பில் அறுவை நடந்த 120 நோயாளிகளிடம் ஒரு நிபுணர் சிலரோடு நின்றும் சிலரோடு அமர்ந்தும் பேசினார். முடிவு 2012-இல் பிரசுரமாயிற்று. அமர்ந்து பேசியபோது உண்மையில் செலவானது ஒரு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம், நின்று பேசியபோது சுமார் ஒன்றரை நிமிஷம். நோயாளிகளின் கணக்கோ நேர்மாறாக இருந்தது: அமர்ந்தவர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருந்தார் என்றும், நின்றவர் நான்கு நிமிஷம்கூட இருக்கவில்லை என்றும் அவர்கள் எண்ணினார்கள். சோதிக்கப்பட்டவர் ஒரு மருத்துவர் என்பது உண்மையே; ஆயினும் நாளில் பலமுறை படுக்கையருகே வந்து போகும் தாதிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். டில்லியின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில், இரு படுக்கைகளுக்கு நடுவே துணைக்கு வந்த உறவினரும் அவருடைய பையும் போர்வையும் போக ஒரு ஸ்டூலுக்கு இடம் எஞ்சுமா என்பது வேறு விஷயம்.

சரி, பேச்சுக்கு ஏன் இத்தனை வலிமை? தமக்குச் செலுத்தப்பட்ட மருந்து சரியானதா, தையல் நேர்த்தியாக இடப்பட்டதா, பரிசோதனைச் சாலையில் ரத்தம் கவனமாகப் பார்க்கப்பட்டதா என்பவற்றையெல்லாம் தீர்மானிக்க நோயாளிக்குச் சாதனம் கிடையாது. தம் உடலைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, உடையையும் செருப்பையும் வேலைகளையும் வெளியே விட்டு, அடுத்து என்ன நேரும் என்று அறியாமல் அவர் கிடக்கிறார். காணாத அந்தக் காரியங்களின் தரத்தை, கண்டும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டே அவர் ஊகித்தாக வேண்டும். அவ்விதம் அவருக்கு எட்டுபவற்றுள் மிகுதியானது தாதியின் சொல்தான். மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது சில நிமிஷங்கள் நின்று போவார். எஞ்சிய இருபத்து மூன்றரை மணி நேரமும் நோயாளிக்கு மருத்துவமனை என்பது தாதியரே.

இதோடு மட்டும் நின்றால், இனிய பேச்சு நோயாளியின் மனத்தை மட்டும் தடவிக்கொடுக்கிறது, உடலுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை என்று ஒருவர் வாதிக்கலாம். அந்த வாதத்தை, மாஸசூஸெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து 1964-இல் வெளியான ஒரு பரிசோதனை அசைத்துவிட்டது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவிருந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம் மட்டும், எக்பர்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவருடைய சகாக்களும் முன்கூட்டியே சென்று, விழித்தபின் எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எத்தனை நாள் நீடிக்கும், தசைகளை எப்படித் தளர்த்திப் புரண்டு படுத்தால் வலி குறையும் என்று விளக்கிச் சொன்னார்கள். அவ்வாறு சொல்லப்பட்டவர்களுக்கு வலி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறையப் பாதியே தேவைப்பட்டது. யாரிடம் பேசப்பட்டது, யாரிடம் பேசப்படவில்லை என்று அறியாத அறுவை மருத்துவர்கள், அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த வழியில் இன்னும் ஆழமாகச் சென்றவர் ஜீன் ஜான்ஸன் என்ற தாதி-விஞ்ஞானி. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வதைக் காட்டிலும், அது உடம்புக்கு எப்படித் தெரியும் என்று சொல்வதே அச்சத்தைக் குறைக்கிறது என்பது 1970-களில் அவர் கண்ட உண்மை. இரைப்பைக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு முன், தொண்டை மரத்துப்போவதும் வயிறு காற்றால் உப்புவதும் எப்படியிருக்கும் என்று ஒலிநாடாவில் கேட்டவர்களுக்கு மனத்தை அமைதிப்படுத்தும் மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. எலும்பு முறிந்த குழந்தைகளின் மாவுக்கட்டை வெட்டும் வேளையில், வெட்டும் ரம்பத்தின் இரைச்சலை முன்பே கேட்டு, தோலில் சூடும் அதிர்வும் தெரியும் என்று அறிந்திருந்த குழந்தைகள் குறைவாகவே கலவரமடைந்தன. மனித மனம் வலியைப் பொறுத்துக்கொள்ளும். வலி வந்தபின் ‘இது என்ன, ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதோ’ என்ற கலக்கத்தைத்தான் அதனால் பொறுக்க முடிவதில்லை. ‘ஊசி போகும்போது சுருக்கென்று இருக்கும், பிறகு கை கொஞ்சம் கனக்கும், அது சகஜம்’ என்று ஒரு தாதி சொல்லும் வாக்கியத்தில் மரியாதைக்கு மேற்பட்ட ஒரு வைத்தியம் இருக்கிறது.

நோயாளியின் திருப்தியைத் தேசிய அளவில் அளக்கும் பெருமுயற்சியை அமெரிக்க அரசாங்கம் 2006-இல் மேற்கொண்டது. வீடு திரும்பிய நோயாளிகளுக்கு ஒரே மாதிரியான கேள்வித்தாளை அனுப்பி, 2008 மார்ச் முதல் ஒவ்வொரு மருத்துவமனையின் மதிப்பெண்ணையும் பகிரங்கமாக வெளியிட்டது. 2012-இன் பிற்பகுதியிலிருந்து மருத்துவமனைகளுக்கு அளிக்கும் பணத்தின் ஒரு பகுதியையும் அதனோடு பிணைத்தது. அதில் தாதியரின் பேச்சையும் நடத்தையையும் பற்றிய கேள்விகள் மூன்றே: அவர்கள் உங்களை மரியாதையோடு நடத்தினார்களா, நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா, உங்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னார்களா? சுத்தம், அமைதி, மருத்துவரின் பேச்சு, மருந்து பற்றிய விளக்கம் முதலான பல விஷயங்கள் கேட்கப்பட்டும், மருத்துவமனைக்கு நோயாளி அளிக்கும் ஒட்டுமொத்த மதிப்போடு மிக நெருங்கிய தொடர்புடையவையாக ஆராய்ச்சியாளர் திரும்பத் திரும்பக் கண்டவை தாதியரைப் பற்றிய இந்த மூன்று கேள்விகளே.

நம் நாட்டிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2016 ஆகஸ்டில் ‘மேரா அஸ்பதால்’ என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. மருத்துவமனைக்கு வந்து போனவரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியோ தொலைபேசி அழைப்போ வரும். திருப்தியில்லை என்று சொன்னால் காரணம் கேட்கப்படும். அந்தக் காரணங்களுள் ஊழியரின் நடத்தை என்பதும் ஒன்று. நல்ல முயற்சிதான். ஆனால் ‘நடத்தை’ என்ற ஒரே தலைப்பில், தாதி பேசியதையும் வாயில் காவலர் விரட்டியதையும் சீட்டு எழுதுபவர் சலித்துக்கொண்டதையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், எதைத் திருத்துவது என்று எவருக்குத் தெரியும்? கேட்டாரா, விளக்கினாரா என்று தனித்தனியே வினவினால்தான் அந்தப் பதிலுக்குப் பிரயோஜனம் உண்டு.

திருப்தி என்ற அளவுகோலை முழுதும் நம்பிவிடவும் கூடாது. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து, தம் மருத்துவர்களிடம் மிகுந்த திருப்தி கொண்டவர்களிடையே செலவும் அதிகம், மரணமும் அதிகம் என்று கண்டு பலரைத் திடுக்கிட வைத்தது. கேட்ட மருந்தையும் கேட்ட பரிசோதனையையும் கொடுத்துத் திருப்திப்படுத்துவது எளிது, அது நன்மையாகாது என்று சிலர் அதற்குப் பொருள் கூறினர். மறுபக்கத்தில், 55 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2013-இல் வெளியான மற்றொரு கட்டுரை, நோயாளியின் நல்ல அனுபவமும் சிகிச்சையின் பாதுகாப்பும் பலனும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன என்று முடிவு செய்தது. இரண்டையும் வைத்துப் பார்க்கையில், எதைக் கேட்டுத் திருப்தியை அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: ‘மகிழ்ச்சியா?’ என்று கேட்பது வேறு, ‘விளங்கும்படி சொன்னார்களா?’ என்று கேட்பது வேறு. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பீகாரின் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வந்து, நடைபாதையில் பல இரவுகள் படுத்துக் கிடந்து, கடைசியில் ஒரு படுக்கை கிடைக்கப்பெற்றவரிடம், அந்தப் படுக்கையிலேயே வைத்து, அந்த மருத்துவமனையின் ஊழியரே ‘எப்படிக் கவனிக்கிறார்கள்?’ என்று கேட்டால், அவர் கைகூப்பி ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார். அதை மதிப்பெண்ணாக எழுதிக்கொள்வது அவருடைய ஏழைமையை அளப்பதே அன்றிச் சிகிச்சையை அளப்பதாகாது.

இனி, நிர்வாகங்கள் காண மறுக்கும் பகுதிக்கு வருகிறேன். தாதியின் பேச்சில் குறை கண்டவுடன், இனிமையாகப் பேசப் பயிற்சி தரவேண்டும் என்று ஒரு வகுப்பு ஏற்பாடு செய்வது வழக்கம். ஆனால் பேச்சு நேரத்தால் ஆனது. நேரமோ எண்ணிக்கையால் ஆனது. போதனா மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் மூன்று நோயாளிக்கு ஒரு தாதி, மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், அதற்குமேல் விடுப்புக்காக நூற்றுக்கு முப்பது பேர் கூடுதலாக என்பது இந்தியத் தாதியர் கௌன்ஸிலின் நெறி. நாற்பது படுக்கையும் தரையில் சில பாயும் கொண்ட ஒரு வார்டை இரவில் இரண்டு பேர் தாங்கி நிற்பது நம் அரசாங்க மருத்துவமனைகளில் அபூர்வமான காட்சி அன்று. மருந்து கொடுத்தல், டிரிப் மாற்றுதல், ரத்த அழுத்தம் பார்த்தல், அத்தனையையும் பதிவேட்டில் எழுதுதல் என்று காரியங்கள் வரிசையில் நிற்க, அவற்றுள் முதலில் விடப்படுவது பேச்சுதான். ஏனெனில் கொடுக்காத மருந்து கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும், சொல்லாத வார்த்தை எங்கும் தெரியாது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி, 1946-இல், இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு தாதி என்ற கணக்கைக் கொடுத்தது. அன்றைய நிலை வெகுவாக மாறிவிட்டது; ஆனால் வார்டின் இரவு இன்னும் அந்த அளவுக்கு மாறவில்லை.

லிண்டா எய்க்கன் என்ற தாதி-ஆராய்ச்சியாளர் பென்ஸில்வேனியா மாநிலத்து 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு உலகப் பிரசித்தம்: ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும் ஒவ்வொரு தடவையும், அறுவை சிகிச்சை பெற்றோர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு சதவிகிதம் ஏறுகிறது, தாதியர் மனமுடைந்து சோர்வதும் கூடவே ஏறுகிறது. ஐரோப்பாவின் பன்னிரண்டு நாடுகளையும் அமெரிக்காவையும் சேர்த்து அவர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்விலோ, தாதியர் எண்ணிக்கையும் பணிச்சூழலும் நன்றாயிருந்த மருத்துவமனைகளில் நோயாளியின் திருப்தியும் அதிகமாக இருந்தது. சுடுசொல் சொன்ன தாதியைத் தண்டிக்குமுன், அன்று அவர் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பதே முறையான விசாரணை.

இருக்கும் தாதியரைக் கொண்டே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கிறிஸ்டின் மீட் என்பவரும் சகாக்களும் 14 அமெரிக்க மருத்துவமனைகளின் 27 வார்டுகளில் செய்து பார்த்து 2006-இல் வெளியிட்ட முறை அது. நோயாளி மணியடித்து அழைக்கும்வரை காத்திராமல், மணிக்கொரு முறையோ இரண்டு மணிக்கொரு முறையோ தாதி தாமே சென்று, வலி இருக்கிறதா, கழிப்பறை போகவேண்டுமா, படுக்கை சௌகரியமா, வேண்டிய பொருள் கைக்கு எட்டுகிறதா என்று கேட்டு, மறுபடி எப்போது வருவார் என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறார். அழைப்பு மணிகள் குறைந்தன, திருப்தி உயர்ந்தது, மணிக்கொரு முறை சென்ற இடங்களில் நோயாளிகள் தடுமாறிக் கீழே விழுவதும் குறைந்தது. அழைப்பு மணியே இல்லாத நம் நாட்டு வார்டுகளில் உறவினர் ஓடிவந்து ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று கூவுவதுதான் மணி. மறுபடி எப்போது வருவார் என்று தெரிந்திருந்தால் அந்த ஓட்டத்தில் பாதி நின்றுவிடும்.

டில்லிக்கே உரிய சிரமத்துக்குத் திரும்புகிறேன். அந்நகரின் வார்டுகளில் படுத்திருப்பவர்கள் போஜ்புரியும் மைதிலியும் ஹரியாண்வியும் பஹாடியும் பேசுபவர்கள். அவர்களைக் கவனிப்பவர்கள் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் மிஸோரத்திலிருந்தும் வந்தவர்கள். இருவருக்கும் நடுவே உள்ள ஹிந்தி இருவருக்கும் இரவல்தான். இதய நோய்க்குப் பெயர்பெற்ற பந்த் போன்ற ஒரு மருத்துவமனையில், நெஞ்சில் ஏற்படும் அதே உபாதையை ஒருவர் பாரம் என்பார், இன்னொருவர் வாயு என்பார், மூன்றாமவர் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார். அந்த மூன்றாமவரின் வார்த்தையை அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தென்னாட்டுப் பெண்கள் பயிற்சிக் காலத்தில் ஆங்கிலத்தில் படித்து, வேலைக்கு வந்த இடத்தில், நோயாளிகளிடமிருந்தே இந்த ஹிந்தியைக் கற்றுத் தேர்ந்திருக்கிறார்கள். 1946-இல் டில்லியில் தாதியர் கல்லூரி தொடங்கப்பட்டு, பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய கல்வியாகத் தாதிமை உயர்ந்த நாள் முதல், உடற்கூறும் மருந்தியலும் கற்பிக்கத் திட்டம் இருந்திருக்கிறது. வந்து சேரும் நோயாளியின் வேதனையை அவருடைய வட்டார வழக்கின் வாயிலாகக் கேட்டறியக் கற்பதை மட்டும் ஒவ்வொரு தாதியின் சொந்த முயற்சிக்கே விட்டுவைத்திருக்கிறோம். வேலையில் சேர்ந்த முதல் மாதங்களில், பணி நேரத்துக்குள்ளேயே, இதற்கென வகுப்பு நடத்தினால், தடையுத்தரவால் சாதிக்க முடியாததைச் சாதிக்கலாம். தாதியருக்குள் பல பாஷை இருப்பது நஷ்டமும் அன்று. மகனோடு வந்து குடியேறிய ஒரு தமிழ்ப் பாட்டி, ஹிந்தியில் ஒரு சொல்லும் அறியாமல் டில்லி வார்டில் கிடக்கையில், பாலக்காட்டிலிருந்து வந்த சிஸ்டர் ஒருத்தி ‘என்ன பாட்டி, எங்க வலிக்குது?’ என்று கேட்பாளேயானால், அந்தப் பாட்டிக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் அன்றைக்கு வேறு இராது.

பிரசவ அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நேர்மையாகாது. வேதனையில் கதறும் பெண்ணை அதட்டுவதும் ஏசுவதும், சில இடங்களில் அடிப்பதுமே வழக்கமாகிவிட்டதை உலக சுகாதார ஸ்தாபனம் 2014-இல் வெளிப்படையாகக் கண்டித்தது; இந்திய அரசாங்கமும் 2017 டிசம்பரில் ‘லக்ஷ்யா’ என்ற திட்டத்தின்மூலம் பிரசவ அறையில் மரியாதையான கவனிப்பையும் ஒரு தர அளவாக ஏற்றது. ஆள் குறைவு என்ற சமாதானத்தை மேலே நானே சொன்னேன். அது இங்கே செல்லாது. விளக்கிச் சொல்ல நேரம் வேண்டும். ஏசாமல் இருக்க நேரம் வேண்டியதில்லை.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும் நாள். வைத்தியர் சொல்வதில் நூற்றுக்கு நாற்பது முதல் எண்பது பங்கு வரை நோயாளி உடனே மறந்துவிடுகிறார் என்று இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கூறுகிறார்கள். பரபரப்பிலும் கூட்டத்திலும் சொல்லப்பட்டால் அந்தப் பங்கு எண்பதையே நெருங்கக்கூடும். இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம் எளிமையானது: ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், ‘வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேட்பது. முதல் கேள்விக்கு எல்லோரும் தலையசைப்பார்கள். இரண்டாவது கேள்வியில்தான், சாப்பாட்டுக்கு முன் என்பது பின் என்று ஆகியிருப்பதும், ரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையை வலி நின்றதும் நிறுத்திவிடலாம் என்று அவர் நினைத்திருப்பதும் வெளிப்படும். ஆனால் காலை ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் காகிதங்கள் கையெழுத்தாகி வார்டுக்கு வந்து சேரும் நேரமும், பகல் இரண்டு மணிக்கு ஒரு ஷிஃப்ட் முடிந்து மற்றொன்று பொறுப்பேற்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. போகிறவர் கணக்கு ஒப்படைப்பதில் இருக்கிறார், வருகிறவருக்கு நோயாளியின் முகமே தெரியாது. காகிதம் உறவினர் கையில் திணிக்கப்படுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும், வேறெந்தக் காரியமும் ஒப்படைக்கப்படாத ஒரு தாதியை ஒவ்வொரு வார்டிலும் நியமித்து, புறப்படுகிறவரின் எதிரில் அமர்ந்து அவரைச் சொல்லிக் காட்டச் செய்யலாம். பெரிய வார்டுகளில் இதற்கென ஒரு பதவியே ஏற்படுத்தினாலும் தகும். மருந்து மாறிச் சாப்பிட்டு மறுபடி அதே படுக்கைக்கு வந்து சேருபவர்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், அந்தச் சம்பளம் அற்பமானது.